பழகுகிறேன், பொறுமை

காலாமாவில் மழை என்பது
வானொலியில் மட்டும் பெய்வது.
வெயிலோ, கேட்காமலே உள்ளே வந்து
உட்கார்ந்துகொள்ளும் சொந்தக்காரன்.
பதினோரு வருடம் நக்கி நக்கி
என் காரின் பானெட்டை
ரோஸ் பல்பொடி நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தான்.

பதிவுச் சீட்டில் சிவப்பு என்றுதான் இருக்கிறது.
சோதனைச்சாவடியில் சீட்டையும் காரையும்
மாறி மாறிப் பார்த்த போலீஸ்காரப் பையன்
"எங்கேம்மா சிவப்பு?" என்றான்.
கதவைத் திறந்து
கீலுக்கு உள்பக்கம் ஒரு கையகலம் காட்டினேன்.
வெயில் நுழையாத இடம்.
தொட்டுப் பார்த்தான். ஈரமோ என்று நினைத்திருப்பான்.
போகச் சொல்லிவிட்டான்.
எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

சுரங்க லாரி கழுவுகிற எலியோதோரோவிடம்
தேய்ப்புப் பசை ஒரு டப்பா கடன் வாங்கினேன்.
"பழைய பெயின்ட். மேலே கண்ணாடிப் பூச்சு கிடையாது.
துணி சிவக்கும், பயப்படாதே.
சாம்பல் தெரிந்தால் பயப்படு."
சொல்லிவிட்டு, டப்பாவில் பாதியைத்
தனக்கு எடுத்து வைத்துக்கொண்டான்.

துணிக்குப் பஞ்சமா எனக்கு?
ஹோட்டல் சலவைக்கூடத்தில்
கழித்துக் கட்டிய மேஜைவிரிப்புகள் மூன்று.
சனிக்கிழமை, காற்று எழுவதற்கு முன்
வட்டம் வட்டமாகத் தேய்த்தேன்.
தோள்பட்டை கழன்று தரையில் விழுமோ என்று பட்டது.
முதலில் துணியில் வெறும் மாவு.
பிறகு ரோஸ்.
பிறகு, அம்மாடி,
இவ்வளவு நாள் எங்கே ஒளிந்திருந்தாய்?

சாயம் வெளுத்துவிட்டது அவளுக்கு என்று
என் காதுபடவே பேசினார்கள் ஒருகாலத்தில்.
வெளுத்தது சாயமில்லை, ஐயா.
செத்த மேல்தோல்.

அலசிய துணிகளைக் கொடியில் போட்டேன்.
ஒடிலியா மதிலுக்கு மேல் தலையை நீட்டி
"யாருக்கு என்ன ஆச்சு?" என்று அலறினாள்.
"காருக்குப் பிரசவம்" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து
ஒரு தட்டில் வறுத்த சோளம் வந்தது.

பின்பக்கம்தான் வம்பு.
இது அந்தோஃபகாஸ்தாவில்
கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த கார்.
டிக்கியில் வெள்ளை ஸ்டிக்கர் எழுத்துகள்:
பழகுகிறேன், பொறுமை.
வெடித்துச் சுருண்டு, படிக்கவே ஆகாமல் கிடந்தன.
முடி உலர்த்தும் கருவியால் சூடுகாட்டி
ஒவ்வொன்றாக உரித்தேன்.
அடியில் அதே எழுத்துகள்
தொழிற்சாலையிலிருந்து நேற்று வந்த சிவப்பில்.

சுற்றிலும் தேய்த்தேன்.
சுற்றிலும் சிவந்தது, ஆனால்
அந்தச் சிவப்பை எட்டிப் பிடிக்கவில்லை.
இன்னும் தேய்த்தேன்.
மூலை வளைவில்
நூறு பெசோ காசளவுக்குச்
சாம்பல் எட்டிப் பார்த்தது.

கையை எடுத்தேன்.
டப்பாவை மூடினேன்.
மெழுகு பூசும்போது அந்தச் சாம்பலுக்கும்
இரண்டு பூச்சு கூடுதலாகப் பூசினேன்,
மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

நேர்வெயிலில் ஒன்றும் தெரிவதில்லை.
சாயங்காலம், செம்புச் சுரங்கத்துப் புழுதிக்குள்
சூரியன் சரிந்து இறங்கும்போது மட்டும்
சிவப்பின்மேல் சிவப்பாக
எழுத்துகள் எழுந்து வருகின்றன.

முப்பத்தோரு வருடமாக ஓட்டுகிறேன்.
இரவு ஷிப்ட், கழுதைப் பனி, ஒருமுறை
பிரேக் இல்லாமல் நாற்பது கிலோமீட்டர்.
நேற்று என் முதுகில் ஏறாத குறையாக வந்த லாரி
திடீரென்று வேகம் குறைத்து
பத்து அடி பின்வாங்கியது.
கண்ணாடியில் பார்த்தேன்:
உதடு அசைத்து ஓட்டுநர் எதையோ படிக்கிறார்.

சிக்னலில் பச்சை விழுந்தது.
வேண்டுமென்றே கொஞ்சம் நின்றேன்.

ஹாரன் இல்லை.
இன்னும் கொஞ்சம் நின்றேன்.